தாலி கட்டிய நிமிடத்தின் ஒரே நகல்

அக்காவின் விசா விண்ணப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் மதுரை ஏஜென்ட் காலையிலேயே ஒரு செய்தி அனுப்பியிருந்தார். கல்யாணப் பதிவுச் சான்றிதழ் மட்டும் போதாதாம். கல்யாணம் உண்மையிலேயே நடந்தது என்பதற்குப் படங்கள் வேண்டும், தாலி கட்டும் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது, மாதக் கடைசிக்குள் எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும் என்று எழுதியிருந்தார். அக்கா உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு அதை வாசித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதற்கா முகத்தை இப்படித் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறாள்? கல்யாணம் முழுவதையும் எடுத்தவள் நான். எல்லாம் என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அஞ்சு நிமிஷத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினேன்.

அத்தான் நியூசிலாந்தில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். கேட்டரிங் படித்துவிட்டுக் கொடைக்கானலில் வேலை பார்த்தவர், நியூசிலாந்தில் வேலை கிடைத்துப் போனார். கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்து, லீவு முடிந்ததும் திரும்பிவிட்டார். அக்கா பின்னாலேயே போவதாகத்தான் பேச்சு. ஆனால் மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. குழாயடியில், பஸ்ஸில், சொசைட்டிக் கடையில் எங்கே பார்த்தாலும் அவளிடம் கேட்க ஊருக்கு ஒரே கேள்விதான் இருந்தது. முதலில் "எப்ப கெளம்புற?" என்று கேட்டார்கள். பிறகு "இன்னும் கெளம்பலையா?" என்றார்கள். கொஞ்ச நாளில் கேட்பதையே நிறுத்திவிட்டு ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அது கேள்வியைவிட மோசம்.

அலமாரியில் என் பழைய துணிகளுக்கு அடியில்தான் டிஸ்க்கை வைத்திருந்தேன். இல்லை. துணிகளும் இல்லை. நான் ஒரு வேலைக்காகச் சில வாரங்கள் மதுரையில் இருந்தபோது அம்மா அந்தத் தட்டையே காலி செய்திருந்தாள்.

"பரண்ல இருக்கு பாரு," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "பூண்டுக்குப் பக்கத்துல, மஞ்சப்பைக்குள்ள."

இதைக் கொடைக்கானலுக்கும் மேலே இருக்கும் எங்கள் மேல்மலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மழைக்காலம் வந்துவிட்டால் எதுவும் காயாது. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து படுக்கையில் உட்காரும். தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சணம் பூக்கும். பாடப்புத்தகத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். என் முதல் கேமராவின் லென்ஸுக்குள் சிலந்தி வலை போல ஒன்று படர்ந்தது. துடைக்கவே முடியாது, கண்ணாடிக்கு உள்பக்கம் அது. இத்தனைக்கும் நடுவில் வீட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. விறகடுப்புக்கு மேலே இருக்கும் பரண். அடுத்த விதைப்புக்கான பூண்டைக் காய்ந்த இலைத்தாளோடு முடி போட்டு அங்கேதான் தொங்கவிடுவோம். நாள் முழுக்கப் புகை பட்டுப் பட்டு அது கெடாமல் இருக்கும். விதைப்பூண்டு போனால் அடுத்த வெள்ளாமை போனது என்பதால், வீட்டிலேயே மதிப்பான இடம் அது. அம்மாவுக்கு ஒரு பொருள் முக்கியம் என்று பட்டுவிட்டால் அது பரணுக்குப் போய்விடும். எங்கள் மார்க் ஷீட், நிலப் பத்திரம், அப்பாவின் கல்யாண வேட்டி எல்லாம் அங்கேதான். டிஸ்க்கும் அப்படித்தான் போயிருக்கிறது, ஒரு பழைய துண்டில் பக்குவமாகச் சுற்றி.

கையில் எடுத்தபோது வெதுவெதுவென்று இருந்தது. மாதக்கணக்காக அடுப்புச் சூட்டிலும் புகையிலும் கிடந்திருக்கிறது. கேபிள் செருகும் துளையில் பிசுபிசுப்பாகக் கரி. துடைத்தேன், ஊதினேன், லேப்டாப்பில் செருகினேன். டிக் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி டிக். யாரோ பூட்டிய கதவை விரலால் தட்டுவது போல விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

அக்கா தோட்டத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். "எடுத்துட்டியா?" என்றாள்.

அவளிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மத்தியான பஸ்ஸைப் பிடித்துக் கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது, டிஸ்க்கை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அதற்கு வலித்துவிடாமல்.

பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் பாயை எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே தெரியும். நான் வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கும் காட்டேஜ்காரர்கள் பாதிப் பேரை அவர்தான் கைகாட்டிவிட்டார். டிஸ்க்கைக் கையில் வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன தங்கச்சி, கருவாடு கணக்கா வாட அடிக்குது?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உறையைக் கழற்றி, வேறு கேபிள் மாற்றி, காதோடு வைத்துக் கேட்டார். உள்ளே தட்டைப் படிக்கும் முள் தடுக்குகிறது, தான் திறந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும், கோயம்புத்தூரில் இதற்கென்று ஒரு லேப் இருக்கிறது, அனுப்பிப் பார்க்கலாம் என்றார். உத்தரவாதம் கிடையாது, மாதக் கடைசிக்குள் வருவதும் சந்தேகம். இதைச் சொல்லிவிட்டு வேறு நகல் எங்கே என்று கேட்டார். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த போன் உறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கும் போச்சு," என்றார் அவர். "எம் மக மொத மொத நடந்த வீடியோ. ஊரு பூராப் போனையும் சரி பண்றவன் நானு. எம் போன் சுவிட்ச் ஆஃப் ஆனது, அப்புறம் கண்ணே தொறக்கல. வீட்டுக்காரி இன்னைக்கு வரைக்கும் குத்திக் காட்டுறா."

அன்றே பொட்டலம் கட்டிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பதில் வந்தது, தட்டு கீறிப்போய்விட்டது, ஒன்றும் எடுக்க முடியவில்லை என்று.

வேறு நகல் ஏன் இல்லை? திரும்பிப் போகும் பஸ்ஸில் இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தேன். கேமராவின் மெமரி கார்டைக் கல்யாணத்துக்கு அடுத்த வாரமே அழித்து, ஒரு ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்து விளம்பரம் எடுத்தேன். இணையத்தில் ஏற்றலாம் என்றால் எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல், அதுவும் மேகம் மனசு வைத்தால். அவ்வளவு பெரிய வீடியோக்களை அங்கே நின்று ஏற்றினால் அக்காவுக்குப் பேரப்பிள்ளையே பிறந்துவிடும். மதுரைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். மதுரைக்கும் போனேன், டிஸ்க்கை எடுக்காமல். மொத்தமாக எடிட் செய்து தருகிறேன் என்று அத்தானுக்குக்கூட ஒரு படம் கொடுத்திருக்கவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் வேறு. கல்யாணத்தன்று யார் கையிலும் போன் இருக்கவில்லை.

அன்று விடிகாலையில் பாதையில் மரம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே மேலே வந்துவிட்டார்கள். வத்தலக்குண்டு ஸ்டுடியோ வண்டி மட்டும் மரத்துக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் காத்திருக்குமா? என் ஒற்றைக் கேமராதான் என்று ஆனது. எங்கள் கோயில் மண்டபம் சின்னது. மணமேடையைச் சுற்றி நிற்கிற எல்லோரும் போனை உயர்த்தினால் எனக்குத் தெரியப்போவது முழங்கைகள்தான். அதனால் அக்காவைக் கேட்டு, அவளும் சரியென்று சொல்ல, ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒரு அறிவிப்புக் கொடுத்தேன். எல்லோரும் தயவுசெய்து போனை உள்ளே வையுங்கள், அத்தனை படத்தையும் நான் தருகிறேன். எங்கள் ஊரில் சொன்னதை யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு என்று பார்த்துக் கேட்டுவிட்டார்கள்.

நான் கொடைக்கானலிலிருந்து திரும்பிய ராத்திரி வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு யோசனை இருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமன், தயாராகத் திட்டத்தோடே வந்தார். அதே பட்டைக் கட்டி, அதே கோயிலில் அக்காவை நிறுத்திப் படம் எடுப்பது. மாப்பிள்ளையின் படத்தை ஸ்டுடியோவில் ஒட்டிக்கொள்வது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் செத்தவனையே எழுப்பி உட்கார வைக்கிறார்கள், இது என்ன பெரிய சோலி என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், என் மூளை அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தது. எந்தக் கோணம், எந்த வெளிச்சம், மாலை நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பது வரைக்கும்.

அக்கா அதுவரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நடந்த கல்யாணம் மாமா அது," என்றாள். "அதுக்கு எதுக்குப் பொய்யா ஒரு படம்? மாட்டுனோம்னா உள்ளதும் இல்லாததாப் போயிரும்."

மாமா ஏதோ சொல்ல வந்தார். அவள் அதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஏடி, அம்புட்டுச் சனம் வந்துச்சே. ஒருத்தராவது உம் பேச்சைக் கேக்காம இருந்துருக்க மாட்டாகளா? போ. போயித் தேடு."

அவ்வளவுதான். மறுநாள் வெள்ளனே கிளம்பிவிட்டேன்.

பையில் லேப்டாப், கார்டு ரீடர், மூன்று விதக் கேபிள், ஒரு பென் டிரைவ், பவர் பேங்க். மனசில் ஒரே விதி: யாராவது வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்றால் விடக்கூடாது. அது படத்தைப் பிழிந்து சக்கையாக்கித்தான் கொடுக்கும். போனை நேரில் வாங்கி, கேபிள் செருகி, அசல் கோப்பையே எடுக்க வேண்டும்.

முதல் வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. கல்யாணத்தில் பந்தி பார்த்துக்கொண்ட பெரியம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "அன்னைக்குப் போலீஸ்காரி கணக்கா அதட்டுன. உள்ள வைங்க, உள்ள வைங்கன்ன. உள்ளதான் வச்சிருக்கோம், வேணும்னா வந்து பாரு." சொல்லிவிட்டு, போனையும் கொடுத்து, காபியும் கொடுத்தாள். அந்த வாக்கியத்தை அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வீடு விதவிதமாகக் கேட்டேன். நான் சொன்ன அறிவிப்பை என் குரலிலேயே நடித்துக் காட்டியவர்கள்கூட உண்டு. எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே கேபிளைச் செருகினேன்.

மனிதர்கள் கல்யாணத்தில் எதைப் படம் எடுக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. இலையில் வைத்த கேசரி. விழுந்த மரத்தின் முன்னால் நின்று செல்ஃபி. மண்டபத்துக்கு வெளியே குளிரில் ஒண்டி நிற்கும் நாய். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மழைத் தண்ணீர் ஓடையில் ஓடுவதை மட்டுமே மூச்சுவிடாமல் எடுத்து வைத்திருந்தார். சமவெளிக்காரர், அவருக்கு அதுதான் அதிசயம். அக்கா அங்கங்கே துண்டு துண்டாகக் கிடைத்தாள். ஒருவரின் காதுக்குப் பின்னால் பாதி முகம், இன்னொருவரின் தோளுக்கு மேல் நெற்றிச்சுட்டி. ஒரு படத்தில் பந்தியில் உட்கார்ந்து அத்தான் அவளுக்கு எதையோ ஊட்டப் போகிறார், அவள் வேண்டாம் என்று கையால் தடுக்கிறாள். இரண்டு முகமும் தெளிவு. அதைப் பார்த்ததும் அங்கேயே திக்குமுக்காடிப்போனேன், சந்தோஷத்தில். என் பேச்சைக் கேட்காமல் முந்தானைக்குள் போனை வைத்து எடுத்தவள் ஒரு அத்தை. கும்பிட்டேன் அவளை.

இன்னொன்றும் தெரிந்தது. வீட்டுக்கு இரண்டு போனாவது திறக்காமல் கிடந்தன. ஒன்று தண்ணீர் வாளியில் விழுந்தது, ஒன்று டிராக்டர் ஏறியது, ஒன்றின் பூட்டுக் குறியீடு யாருக்கும் நினைவில்லை. மகனின் காதுகுத்து, வீடு கட்டிய கதை, பிறகு இறந்துபோன மாட்டுடன் எடுத்த படம் எல்லாம் அதற்குள்தான் இருந்தது, போச்சு என்றார்கள். மழையில் தக்காளி போனதைச் சொல்வது போல, அதே குரலில் சொன்னார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தக்காளியைக் காப்பாற்ற முடியாது. இதை முடியும்.

இவ்வளவு அலைந்தும் தாலி கட்டுகிற நிமிடம் மட்டும் யாரிடமும் இல்லை. சொல்பேச்சுக் கேட்காதவர்களிடமும் இல்லை. காரணம் சுலபம். அந்த நேரத்தில் எல்லோருடைய கையிலும் அட்சதை இருந்தது. கெட்டிமேளம் கொட்டும்போது பூவையும் அரிசியையும் போடுவார்களா, போனை எடுப்பார்களா? மேல்மலையிலும் முடித்து, கீழே வத்தலக்குண்டு வரை போய் மாப்பிள்ளை வீட்டு உறவுகளின் போன்களையும் துழாவியாயிற்று. தாலி இல்லாத கல்யாணமாக ஒரு பென் டிரைவ் நிறையச் சேர்ந்தது. ஏஜென்டிடம் கேட்டேன். இருப்பதை ஏற்றலாம், ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை சான்று பற்றாது என்று கேட்டுவிட்டார்கள், மறுபடி குறை வைத்தால் விண்ணப்பம் தள்ளிப்போகும் என்றார். தள்ளிப்போனால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா தோட்டத்தில் முன்னைவிட வேகமாகக் களை பறித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுச் சித்தியின் போனை நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். அதில் காலை வணக்கப் படங்களைத் தவிர எதுவும் கிடையாது. ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, தன் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மகளைப் பெரும்பாறையில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். அக்கா கல்யாணத்தின்போது அவள் பச்சை உடம்புக்காரி, வர முடியவில்லை. வராத குறைக்கு அழுதுவிட்டாளாம்.

"அதான் நீ டிவில போட்டுக் காமிச்சியே, அன்னைக்கு அப்படியே எடுத்து அவளுக்கு அனுப்பி வச்சேன்," என்றாள் சித்தி.

என்ன எடுத்தாய் என்று கேட்டேன். நான் கேட்ட விதத்தில் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணம் முடிந்த மறுவாரம் டிஸ்க்கை எங்கள் வீட்டு டிவியில் செருகி, அக்கம்பக்கத்துக்கு எல்லாம் ஒரு தடவை போட்டுக் காட்டியிருந்தேன். சித்தி பின்னால் உட்கார்ந்து, டிவித் திரையைத் தன் போனில் எடுத்திருக்கிறாள். தன் போனில் இடம் அடைக்கிறது என்று அப்புறம் அழித்தும்விட்டாள். மகள் அழித்திருப்பாளா? தெரியாது. போன் போட்டோம். எஸ்டேட் பக்கம் சிக்னல் இல்லை என்றது. மறுபடி போட்டோம். அடுத்த நாள் காலை ஒரு வழியாக எடுத்தாள், இருக்கிறது என்றாள். அனுப்பு என்றால் பாதியில் நின்றுவிடுகிறது, அங்கே நெட் அப்படி. நீ ஒன்றும் தொடாதே, போனைக் குழந்தை கையில் கொடுக்காதே, நானே வருகிறேன் என்றேன்.

பெரும்பாறை எங்களுக்குக் கீழ்மலை. மேலே நாங்கள் ஸ்வெட்டரில் இருப்போம், அங்கே போனால் கழற்றிவிடலாம். கொடைக்கானலில் ஒரு பஸ், ஊத்து என்ற நிறுத்தத்தில் இறங்கி இன்னொன்று, பண்ணைக்காட்டுக்கு அப்புறம் வாழையும் மிளகுக் கொடியுமாகப் பாதை இறங்கிக்கொண்டே இருந்தது. வழி முழுக்க அந்தக் குழந்தை அந்தப் போனை வாயில் வைத்துக் கடிப்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

சித்தி மகள் காபிக்கொட்டை காயப்போடும் களத்தில் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. போனை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். "நீ தொடாதன்னு சொன்ன பயத்துல நேத்துலருந்து யாருக்கும் போன்கூட பண்ணலக்கா," என்றாள்.

களத்துத் திண்டில் உட்கார்ந்து பார்த்தோம். திரை லேசாகச் சாய்ந்திருந்தது. ஓரத்தில் எங்கள் வீட்டுக் காலண்டர், கீழே யாரோ ஒருவரின் கொண்டை. ஆனால் டிவிக்குள் என் வீடியோ தெளிவாக ஓடியது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார். அத்தான் குனிகிறார். அக்கா தலையைத் தாழ்த்துகிறாள். மேளம் எகிறுகிறது. மேளத்துக்கு மேலே எங்கள் வீட்டுக் கூடத்தின் சத்தம்: குக்கர் விசில், யாரோ "மாப்ளைக்குக் கை நடுங்குது பாரு" என்று சொல்ல ஒரே சிரிப்பு, "சும்மா இருங்கடி, கேக்கட்டும்" என்று அம்மாவின் அதட்டல். மூன்று முடிச்சும் விழுந்தது. அட்சதை பறந்தது. அப்புறம் சித்தி யாருக்கோ இடம் விட நகர்ந்திருக்கிறாள், திரை கூரையைக் காட்டி நின்றுவிட்டது.

"பிள்ளைக்குப் பால் குடுக்கும்போதெல்லாம் இதத்தான் பாப்பேன்," என்றாள் அவள். "அதான் அழிக்கல."

முதலில் லேப்டாப்புக்கு ஏற்றினேன். அப்புறம் பென் டிரைவுக்கு. அப்புறம் என் போனுக்கு. அவள் போனில் இருந்ததை அழிக்கவே வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் மாமியார் இதையெல்லாம் பார்த்துவிட்டு, சினிமா எடுக்கிறவர்களா என்று விசாரித்தாள்.

டிவியைப் படம் பிடித்த வீடியோவா என்று ஏஜென்ட் தயங்கினார். அப்படியே ஏற்றுங்கள், கூட ஒரு கடிதமும் வைக்கிறேன் என்றேன். நடந்ததை நடந்தபடி ஆங்கிலத்தில் எழுதினேன். மரம் விழுந்தது, டிஸ்க் புகையில் போனது, பக்கத்து வீட்டுக்காரி டிவியைப் படம் எடுத்தது எல்லாம். அடுப்புக்கு மேலே விதைப்பூண்டு தொங்கவிடுவதை ஆங்கிலத்தில் விளக்கத்தான் அரை நாள் ஆனது. அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அம்மா வைத்தாள் என்ற இடத்தை எடுத்துவிடு, வீட்டில் வைத்திருந்தோம் என்று போடு என்றாள். மாற்றினேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பெரும்பாறையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால், பரணிலிருந்து பூண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இறக்கிக் கூடத்தில் பரப்பி வைத்திருந்தாள். பத்திரம், மார்க் ஷீட், வேட்டி.

"நான் பத்திரமாத்தான வச்சேன்," என்றாள். அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. ஒரே இடத்தில் ஒரே ஒன்றாக இருந்ததுதான் கோளாறு, இடத்தில் கோளாறு இல்லை என்றேன். அவள் நம்பினாளோ என்னவோ. பெரும்பாறை வீடியோவைப் போட்டுக் காட்டினேன். தன் அதட்டல் குரல் வந்ததும் சேலையால் வாயை மூடிக்கொண்டாள். அன்று மத்தியானமே அந்தத் தாள்கள் அத்தனையையும் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். அம்மா ஒவ்வொன்றையும் சுருக்கம் எடுத்து நீவிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் நான் விடவில்லை. புது டிஸ்க் இரண்டு வாங்கினேன். ஒன்று வீட்டில், மூடி இறுக்கமான டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு. இன்னொன்று கீழே வத்தலக்குண்டில் ஓர் அத்தை வீட்டு பீரோவில். அங்கே வெயிலுக்குப் பூஞ்சணம் எட்டிக்கூடப் பார்க்காது. மூன்றாவது நகல் இணையத்தில். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் வண்டியில் நானும் ஏறிக்கொள்வேன். அப்பா மூட்டையை இறக்கி விற்று முடிப்பதற்குள் பாய் கடையில் உட்கார்ந்து, அவருடைய நெட்டில் வாரத்துக்கு உண்டானதை ஏற்றிவிடுவேன். பாயையும் விடவில்லை. அவருடைய மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய படங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றனவா என்று ஞாயிறுதோறும் கேட்பேன். வட்டிக்காரி மாதிரி வந்து நிற்கிறாய் என்கிறார். ஊரிலும் வீடு வீடாகப் போகிறேன். சேகரித்த கல்யாணப் படங்களைக் கொடுக்கிற சாக்கில் அவர்களுடைய படங்களையும் நகல் எடுத்துக் கார்டில் போட்டுக் கொடுக்கிறேன். காசு கேட்பேனோ என்று முதலில் பயந்தார்கள். இப்போது நான் வந்தால் போனை அவர்களே நீட்டுகிறார்கள், சார்ஜ் போட்டுக் கொடு என்பது போல.

பூண்டு தோண்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் விசா வந்தது. அக்கா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போயிருந்தாள். திரும்பி வந்தபோது நடக்கவில்லை, ஓடவும் இல்லை. வரப்பில் நின்று போனை என் பக்கம் காட்டினாள். அம்மாவிடம் நீயே போய்ச் சொல் என்றேன்.

அக்கா நியூசிலாந்தில் போய் இறங்கிச் சில நாள் கழித்து வீடியோவில் கூப்பிட்டாள். தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்று பேசினேன். விமான நிலையத்தில் கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று விசாரித்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார்கள், விட்டுவிட்டார்கள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்னால் அத்தான் எதையோ வதக்கிக்கொண்டு, உன் வீடியோவைவிடச் சித்தி வீடியோதான் பிரமாதம் என்று சத்தம் போட்டார்.

அங்கே எடுத்த படங்களை அனுப்பு என்றேன். வாட்ஸப்பில் சும்மா தட்டிவிடாதே, டாக்குமென்ட்டாக அனுப்பு, அப்போதுதான் அசல் அளவு வரும் என்றேன்.

"வந்து முழுசா மூச்சு விடல, அதுக்குள்ளயாடி?" என்றாள்.

"வெரசா அனுப்பு. சந்தைக்கு வண்டி நிக்குது."

அனுப்பினாள். இருவரும் ஒரு குளிர்ந்த கடற்கரையில் நிற்கிறார்கள், காற்றில் அவள் முடி அத்தான் முகத்தை மூடியிருக்கிறது. மேகம் இறங்குவதற்குள் அது முழுதாக வந்து சேர வேண்டும் என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தது. வண்டிக்கு ஓடினேன்.